பதினாலு அடி

அந்த நதி மூன்று வருடமாகப் பதினாலு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்த வருடமும் பதினாலு, பொய்த்த வருடமும் பதினாலு. போன கோடையில் பாலத்தின் நடுத்தூணைச் சுற்றி ஆடு மேய்ந்தது. அன்றைக்கும் பதினாலுதான். ஆடுகளுக்கு நீச்சல் தெரியும் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது.

நதிக்கு உரிமை கொண்டாடியவை இரண்டு அரசாங்கங்கள். மேலே இருப்பது மேல்தரப்பு, கீழே இருப்பது கீழ்த்தரப்பு. நாற்பது வருடம் தண்ணீருக்காக அடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்து, கடைசியில் கூட்டு நதி ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். சண்டை தண்ணீரால் வரவில்லை, எண்ணால் வந்தது என்று ஆணையம் கண்டுபிடித்தது. இவர்கள் இருபது அடி என்றால் அவர்கள் பத்து என்பார்கள். ஆகவே ஒப்பந்தத்தின் முதல் வரி: ஒரு நதி, ஒரு எண்.

நடுத்தூணில் அடிக்கணக்குக் கோடு போட்டிருந்தது. பாலத்தின் இரு முனையிலும் ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு தொலைபேசி. காலை எட்டு மணிக்கு மேல்தரப்பு ஆள் ஒரு ஜன்னலிலும் கீழ்த்தரப்பு ஆள் மறு ஜன்னலிலும் நின்று, தூணைப் பார்த்து, ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்ல வேண்டும். இருவர் சேர்ந்து சொன்னால் அது எண். ஒருவர் மட்டும் சொன்னால் ஒருதலை எண். ஒருதலை எண்ணை வெளியே விடுவது ஒப்பந்த மீறல். போட்டி எண் வந்துவிடக் கூடாது என்று நதியில் வேறெங்கும் இருந்த அளவுகோல்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

மேல்தரப்பு ஜன்னலில் இருபத்தாறு வருடமாக நின்றவரை ஊர் கோல்காரர் என்று கூப்பிட்டது. எதிர் ஜன்னலில் நின்றவர் மூன்று வருடத்துக்கு முன் ஓய்வுபெற்றார். கடைசி நாள் இருவரும் சேர்ந்து பதினாலு என்றார்கள். அதற்குப் பிறகு அங்கே ஆள் போடவில்லை. புதிய கூட்டு எண் வரும்வரை பழைய கூட்டு எண்ணே செல்லும் என்பது விதி. ஆள் கேட்டுப் போன கோப்பு ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ‘நதியின் மட்டம் மாறாமல் இருப்பதால் இப்பணியிடத்தை நிரப்ப அவசரமில்லை.’

கோடையில் கீழ்த்தரப்பு ஊரில் சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். மனு போட்டார்கள். பதினாலு அடித் தண்ணீர் வருகிறது, உங்கள் ஊரில் தாகம் அளவுக்கு மீறி இருக்கிறது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போயிற்று.

இதற்குள் உலகம் முழுவதும் தட்பவெப்பம் தாறுமாறாகிவிட்டது. ஒரு நதி வறண்டது, ஒரு நதி கரையை உடைத்தது. இந்த நதி மட்டும் ஒரு அங்குலம் அசையவில்லை. வெளிநாட்டு நிபுணர்கள் வரைபடத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு நேர்கோடு. விருது கொடுப்பது என்று முடிவாயிற்று.

விருது விழா அன்று காலை எட்டு மணிக்குக் கோல்காரர் ஜன்னலைத் திறந்தார். தண்ணீர் இருபத்தோரு அடியில் நின்றது. நின்றது என்று சொல்வது தப்பு. ஏறிக்கொண்டிருந்தது.

இருபதைத் தாண்டினால் கீழ்த்தரப்பு ஊரில் சைரன் அடிக்க வேண்டும். அந்த ஊர் பள்ளத்தில் கிடந்தது. பாலத்தைத் தாண்டிய தண்ணீர் அங்கே போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும். ஆக, பகல் இரண்டு மணி. அந்தப் பள்ளத்தில், ஆணையத்தின் ஊழியர் குடியிருப்பில், தரைத்தள வீட்டில் கோல்காரரின் ஒரே மகள் இருந்தாள். நிறைமாசம். இன்றோ நாளையோ.

அவளைக் கட்டியவனும் ஆணையத்தில்தான் வேலை பார்த்தான். அந்த ஊர்க் கிளை அலுவலக வாசலில் இருக்கும் கரும்பலகையில் தினமும் நதியின் எண்ணை எழுதுவது அவன் வேலை. மூன்று வருடமாகப் பதினாலை அழித்துவிட்டுப் பதினாலு எழுதிவந்தான். சைரன் பொத்தானும் மாடியில் அவன் மேசைக்குப் பின்னால்தான் இருந்தது, அரக்கு முத்திரை வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள்.

கோல்காரர் போனில் மகளைக் கூப்பிட்டார்.

“என்னப்பா, காலங்காத்தால?”

“அம்மாடி, உடனே கிளம்பி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. தண்ணி வருது. இருபத்தொண்ணு.”

“இந்த வயித்தோட மேடு ஏறவா? நான் இப்ப நடந்தா அது நடை இல்லப்பா, உருளல்.”

“உருண்டாவது போ.”

“இருங்க, உங்க மாப்பிள்ளை முறைக்கறார். அவர்கிட்டயே பேசுங்க.”

மருமகன் போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போகிற சத்தம் கேட்டது. “மாமா, நீங்க ஏதோ எண் சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்குக் காதுல விழல. விழுந்தா நான் எழுத்துல புகார் குடுக்கணும்.”

“மாப்ளே, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“ரெண்டு கண்ணும் ஒரே தரப்புக் கண்ணுதானே மாமா.”

“சரி, சைரனை விடு. அவளை மட்டும் மேட்டுக்கு அனுப்பு.”

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. “பலகையில எழுதறவன் நான். பதினாலுன்னு எழுதிட்டு என் பொண்டாட்டியை மூட்டை முடிச்சோட மேட்டுக்கு ஏத்தினா ஊர் சும்மா இருக்குமா? மொத்த ஊரும் பின்னாடியே கிளம்பிரும்.”

“கிளம்பினா நல்லதுதானேடா!”

“நல்லதுதான். உத்தரவு இல்லையே. பீதி கிளப்பினேன்னு என் கழுத்துல கத்தி வெப்பாங்க. இந்த மாசம்தான் மாமா வேலை நிரந்தரம் ஆகுது. நீங்க எண்ணை மட்டும் வாங்கி அனுப்புங்க. அடுத்த நிமிஷம் கண்ணாடியை உடைக்கறேன். உங்க பொண்ணு மேல சத்தியம்.”

அவன் கெட்டவன் இல்லை. கோல்காரருக்கு அது தெரியும். ஒரு துண்டுச் சீட்டில் இருபத்தொன்று என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாலத்தின் தலைமாட்டில் இருந்த ஆணையக் கட்டடத்துக்கு நடந்தார். நடை என்று பெயர். ஓட்டம்.

வாசலில் நுழைவுச் சீட்டு கொடுக்கும் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க ஜோடி எங்க சார்?”

“என்ன ஜோடி?”

“மேல்தரப்புல ஒருத்தர் உள்ள போனா கீழ்த்தரப்புல ஒருத்தர் போகணும். ஜோடி ஜோடியாத்தான் நாற்காலி போட்டிருக்கு.”

“என் ஜோடி ரிட்டயர் ஆயி மூணு வருஷம் ஆச்சு.”

“அப்ப நீங்க பாதி. பாதி ஆளுக்குச் சீட்டு இல்லை.”

“அம்மா, தண்ணி ஏறுது. கீழ ஒரு ஊரே இருக்கு.”

“எல்லாரும் அவசரம்னுதான் சார் வர்றாங்க. வரிசையை மறைக்காதீங்க.”

அந்த நேரத்தில் ஒரு ஆள் பெரிய கண்ணாடி ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தான். அதுவும் இருவர் தூக்க வேண்டிய ஜாடி. மறு தரப்பு ஆள் வரவில்லை. கோல்காரர் போய் அடியில் கை கொடுத்தார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “இப்ப ஜோடி ஆச்சு,” என்று கீழ்த்தரப்பு என்று அச்சடித்த சீட்டு ஒன்றை அவர் சட்டையில் குத்தினாள். இருபத்தாறு வருடம் மேல்தரப்புக்கு உழைத்த மனிதர் இப்படித்தான் தரப்பு மாறினார்.

மண்டபத்தில் ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டிருந்தது. மேடையில் நதியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. நிஜ நதியின் வெளிச்சம் பட்டால் படம் மங்குகிறது என்று திரை. ஜாடியை மேடையில் வைத்தார்கள். இரு தரப்பும் ஆளுக்கு ஒரு குடுவைத் தண்ணீரை அதில் ஊற்றி ஒற்றுமையைக் காட்ட வேண்டும். மேல்தரப்புக் குடுவையில் அரை விரற்கடை அதிகம் இருந்ததாகக் கீழ்த்தரப்பு ஆட்சேபித்தது. சொட்டு மருந்துக் குழாய் வரவழைக்கப்பட்டது. சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள், விட்டார்கள், எண்ணினார்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆணையம் தண்ணீரை அளப்பதில் காட்டும் கண்டிப்பை நிபுணர்கள் குறித்துக்கொண்டார்கள்.

மேல்தரப்புத் துணைச் செயலாளரை ஓரத்தில் பிடித்து, கோல்காரர் சீட்டை நீட்டினார். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

“இதை ஏன்யா என்கிட்ட காட்டறீங்க? ஒருதலை எண்ணைப் படிக்கிறதே தப்பு. கவுத்துப் பிடிங்க.”

கோல்காரர் சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தார். “ஐயா, அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க. அது போதும்.”

“நான் பார்த்தா மட்டும்? நானும் மேல்தரப்பு. கீழ்த்தரப்புத் துணைச் செயலாளரும் கூடவே பார்க்கணும். அவர் சொட்டு எண்ணிட்டு இருக்கார்.”

“என் பொண்ணு அங்க பள்ளத்துல இருக்கா. நிறைமாசம்.”

“அப்படியா! வாழ்த்துகள்,” என்றார் துணைச் செயலாளர். மனதாரத்தான் சொன்னார். பிறகு தாடையைத் தடவி யோசித்தார். “விதியில வழி இல்லாம இல்லை. ஆள் இல்லாத இடத்துக்குப் பொறுப்பு ஆள் போடலாம். கீழ்த்தரப்பு ஜன்னலுக்கு உங்களையே போட்டுடறேன். ஏற்கெனவே சீட்டு வேற குத்தியிருக்கீங்க. ரெண்டு பக்கமும் நீங்களே நின்னு சொல்லுங்க. கூட்டு எண் கிடைச்சுரும். மணி என்ன? பத்துதானே. ஏகப்பட்ட நேரம் இருக்கு.”

நியமனப் படிவம் எட்டுப் பக்கம். ஏழாம் பக்கத்தில் ‘எதிர்த்தரப்பு அளவாளர் மீது தங்களுக்குள்ள குறைகள்’ என்று ஒரு கட்டம். கோல்காரர் ‘இல்லை’ என்று எழுதினார்.

“இது செல்லாது,” என்றார் துணைச் செயலாளர். “கீழ்த்தரப்பு ஆளுக்கு மேல்தரப்பு ஆள் மேல குறை இல்லாம இருக்குமா? நாளைக்குத் தணிக்கையில நான் பதில் சொல்லணும். ஏதாவது எழுதுங்க.”

கோல்காரர் தன்னைப் பற்றி யோசித்தார். ‘அவசர நேரத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார்’ என்று எழுதினார். துணைச் செயலாளர் படித்துப் பார்த்து, “இப்பத்தான் நம்பற மாதிரி இருக்கு,” என்று கையெழுத்துப் போட்டார்.

பத்தே முக்காலுக்கு அவர் மேல்தரப்பு ஜன்னலில் நின்று தூணைப் பார்த்தார். இருபத்து மூன்று அடி. எழுதினார். பாலத்தின் மறு முனைக்கு ஓடினார். வயது ஐம்பத்தெட்டு. கீழ்த்தரப்பு அறையின் பூட்டு துருப்பிடித்திருந்தது. கல்லால் அடித்துத் திறந்து, மூச்சு வாங்க ஜன்னலில் நின்றார். இருபத்து மூன்று அடி ஒரு அங்குலம். நேர்மையான மனிதர். பார்த்ததை எழுதினார்.

துணைச் செயலாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஒரு அங்குலம் இடிக்குதே. நாற்பது வருஷச் சண்டையும் இந்த மாதிரி ஒரு அங்குலத்துலதான் ஆரம்பிச்சுது.”

“நான் ஓடின நேரத்துல தண்ணி ஏறிருச்சு ஐயா.”

“அப்ப இன்னும் வேகமா ஓடணும்.”

இரண்டாம் தடவை கோல்காரர் ஓடவில்லை. அந்த வயதில் முதல் முறையாக ஒரு பொய் எழுதினார். இரண்டு கட்டத்திலும் இருபத்து நாலு என்று போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். துணைச் செயலாளரின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

“இம்மி பிசகலையே. ஆணையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ரெண்டு தரப்பும் இவ்வளவு ஒத்துமையா இருந்ததில்லை. பேசி வெச்சுக்கிட்டீங்களா?”

“யாரோட ஐயா?”

“அவரோட.”

“நான்தானே ஐயா அவர்.”

“ஒத்துக்கறார், குறிச்சுக்குங்க,” என்றார் துணைச் செயலாளர், பக்கத்தில் நின்ற எழுத்தரிடம்.

கூட்டுச் சதி என்று சந்தேகம் வந்தால் இரு அளவாளர்களையும் தனித்தனி அறையில் விசாரிக்க வேண்டும். முதல் அறையில் மேல்தரப்புக் கோல்காரரை உட்கார வைத்தார்கள்.

“எதிர்த்தரப்பு ஆளை உங்களுக்கு எவ்வளவு நாளாப் பழக்கம்?”

“பொறந்ததுலேருந்து.”

“அவர் நம்பகமானவரா?”

“இன்னிக்குக் காலையில வரைக்கும்.”

பிறகு அவரை இரண்டாவது அறையில் உட்கார வைத்தார்கள். சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிவிடக் கூடாது. முதல் அறைச் சாட்சி கட்டடத்தை விட்டுப் போய்விட்டார் என்று உறுதி செய்த பிறகே இரண்டாவது விசாரணையைத் தொடங்க முடியும். அவர் வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. காவலரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தேடச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடம் கோல்காரர், காவலர்கள் தன்னைத் தேடி முடிக்கும்வரை காத்திருந்தார். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அது சரியாக ஓடியது. அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

“உங்க கூட்டாளி உங்களைக் காட்டிக் குடுத்துட்டார்,” என்றார் விசாரணை அதிகாரி. “நீங்க நம்பகமானவர் இல்லைன்னு வாக்குமூலமே குடுத்திருக்கார்.”

“அவன் சொன்னது நிஜம்தான்,” என்றார் கோல்காரர். “ஆனா தண்ணியும் நிஜம் ஐயா.”

அவருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. அதிகாரி ஒரு துணியை நீட்டினார். அதன் மேல் ஆணையத்தின் சின்னம் இருந்தது.

விவகாரம் தலைவரின் முடிவுக்குப் போயிற்று. தலைவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடியும்வரை கோல்காரரைக் கடைசி வரிசையில் நிறுத்தி வைத்தார்கள்.

“உலகத்துல உள்ள நதியெல்லாம் தட்பவெப்பத்துக்குப் பயந்து தலைதெறிக்க ஓடுது,” என்றார் தலைவர். “நம்ம நதி மட்டும் பதினாலு அடியில நிமிர்ந்து நிக்குது. எப்படின்னு வெளிநாட்டு நண்பர்கள் கேட்டாங்க. ரகசியம் ஒண்ணும் இல்லை. நதியைக் கட்டுப்படுத்தறது கஷ்டம். எண்ணைக் கட்டுப்படுத்தறது சுலபம். நாங்க சுலபமானதைச் செஞ்சோம். மத்தவங்க அணை கட்டினாங்க. கரை கட்டினாங்க. ஆயிரக்கணக்கான பேரை இடம் மாத்தினாங்க. நாங்க ஒரே ஒரு ஆளை ஓய்வுல அனுப்பினோம். மூணு வருஷம் அமைதி.”

கைதட்டல்.

“முன்னெல்லாம் தினமும் காலையில ரெண்டு தரப்புக்கும் நெஞ்சு படபடக்கும். இன்னிக்கு என்ன எண் வருமோன்னு. இப்ப அந்தப் படபடப்பே இல்லை. போன கோடையில கீழ்த்தரப்பு நண்பர்களுக்குக் கொஞ்சம் சிரமம்னு கேள்விப்பட்டேன். ஆனா அவங்க முறைப்படி புகார் சொல்லவே இல்லை. புகார்ப் படிவத்துலயும் ரெண்டு கையெழுத்து வேணும். நாங்க போடலை. அதுக்குப் பேர்தான் ஒத்துழைப்பு. ஒருத்தர் துன்பத்துல இன்னொருத்தர் தலையிடாம இருக்கறது.”

முன்வரிசையில் கீழ்த்தரப்புப் பிரதிநிதிகளும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீடு மேட்டில்.

விருதை வாங்கிக்கொண்டு தலைவர் இறங்கியபோது மணி ஒன்றேகால். துணைச் செயலாளர் காதோடு விஷயத்தைச் சொன்னார். தலைவர் கோல்காரரின் தோளில் கை போட்டார். கனிவான கை.

“உங்க எண்ணை நாங்க தள்ளலை. யாரையும் தள்ளறது நம்ம பழக்கம் இல்லை. சேர்த்துக்குவோம். ஆயிரத்துத் தொண்ணூத்தஞ்சு நாள் பதினாலு அடி. இன்னிக்கு ஒரு நாள் இருபத்து நாலு. மொத்தத்துக்கும் சராசரி போடுங்க.”

எழுத்தர் கணக்குப் போட்டான். பதினாலு அடியும், மேலே ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவும் வந்தது.

“பாத்தீங்களா? ஒரு நூல் ஏறியிருக்கு. உங்க உழைப்பு வீண் போகலை,” என்றார் தலைவர். “சாப்பிட்டுட்டுப் போங்க.”

கோல்காரர் வெளியே ஓடிவந்து மகளைக் கூப்பிட்டார்.

“அப்பா, நானே கிளம்பிட்டேன்,” என்றாள் அவள். மூச்சு இரைத்தது. “ஆத்துச் சத்தம் மாறிருச்சுப்பா. அவர்கிட்ட சொல்லல. தெரு முனையில இருக்கேன்.”

“நல்ல காரியம் பண்ணின. நிக்காத. பக்கத்து வீட்டுக்காரங்க வர்றாங்களா?”

“எங்க போறேன்னு அக்கா கேட்டாங்க. வலி வந்திருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொய் சொன்னேன். நிஜத்தைச் சொன்னா ஊர் கிளம்பிரும், அவருக்கு வேலை போயிரும்ல?” கொஞ்சம் நிறுத்தினாள். “அக்கா ஒரு துணைக்குக் கூட வரேன்னாங்க. வேண்டாம்னுட்டேன். தப்பு பண்ணிட்டேனாப்பா?”

“இல்லம்மா. நட.”

“நடக்கறேன். நீங்க போனை வெச்சாத்தான் நடக்க முடியும். ஒரு கையில பை, ஒரு கையில வயிறு.”

அவர் போனை வைத்தார்.

ஆறு மணி நேரம் என்பது பதினாலு அடித் தண்ணீரின் வேகத்துக்குப் போட்ட கணக்கு. இருபத்து நாலு அடித் தண்ணீருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒன்றரை மணிக்கே ஊருக்குள் வந்துவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்த மருமகன் கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அழுத்தினான். யாருடைய உத்தரவும் இல்லாமல் அழுத்தினான். சைரன் நன்றாகவே வேலை செய்தது. வாசலில் இருந்த கரும்பலகை மிதந்து போயிற்று. எழுத்து அழியும்வரை அதில் பதினாலு இருந்தது.

மறுநாள் மேட்டுப் பள்ளிக்கூடத்தின் நீண்ட வராந்தாவில் உடல்களைக் கிடத்தினார்கள். வராந்தா போதாமல் வரிசை மைதானத்துக்கு இறங்கியது. நதி தொடர்பாக எண்ணப்படும் எதுவும் கூட்டு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று துணைச் செயலாளர் புத்தகத்தோடு வந்திருந்தார். மேல்தரப்பு குறைத்துச் சொல்லலாம், கீழ்த்தரப்பு கூட்டிச் சொல்லலாம். இரு தரப்பும் சேர்ந்து சொல்லும் எண் கிடைக்கும்வரை எந்த உடலையும் தரக் கூடாது. சொந்தக்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

மேல்தரப்புக்கு எண்ணக் கோல்காரரை அழைத்து வந்தார்கள். கீழ்த்தரப்பில் எண்ணத் தெரிந்த ஊழியன் ஒருவன்தான் மிஞ்சியிருந்தான். அவன் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. ‘நதி பதினாலு அடியில் இருந்தபோது சைரன் ஒலித்தது ஏன்? ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.’

மாமனார் தலைமாட்டுப் பக்கம் நின்றார், மருமகன் கால்மாட்டுப் பக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லணும்,” என்றார் துணைச் செயலாளர். “சத்தமா.”

ஒன்று, இரண்டு என்று நகர்ந்தார்கள். பதினொன்று பக்கத்து வீட்டு அக்கா. முப்பத்தாறு வரை பிசகில்லை.

அடுத்தது அவள். மேட்டுக்கு ஏறும் வழியில் பாதியில் கிடைத்தாளாம். முகத்தில் சேறு காய்ந்திருந்தது. வயிறு போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

“முப்பத்தேழு,” என்றார் கோல்காரர். குரல் நடுங்கவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம்.

“முப்பத்தேழு, முப்பத்தெட்டு,” என்றான் மருமகன்.

துணைச் செயலாளர் பேனாவை நிறுத்தினார். “தம்பி, ஒரு ஆளுக்கு ஒரு எண்தான்.”

“ரெண்டு பேர் சார்.”

“கண்ணுக்குத் தெரியறது ஒருத்தர். அவர் முப்பத்தேழுங்கறார், நீங்க முப்பத்தெட்டுங்கறீங்க. ஒருதலை எண் ஆயிப்போச்சு. முதல்லேருந்து வாங்க.”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். இருவரும் வரிசையின் ஆரம்பத்துக்குத் திரும்பி நடந்தார்கள். ஒன்று. இரண்டு. வெயில் ஏறிவிட்டது. முப்பத்தாறில் கோல்காரர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி மருமகனைப் பார்த்தார். அவன் உதடு வெடித்திருந்தது. கண்ணாடியை உடைத்த கையில் கந்தல் சுற்றியிருந்தது. அவனை வெட்டிப்போட வேண்டும் என்று நேற்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தார். இப்போதும் நினைத்தார்.

“சொல்லு,” என்றார்.

“முப்பத்தேழு, முப்பத்தெட்டு,” என்றார்கள் இருவரும். குரல் ஒரு நூல் பிசகவில்லை.

துணைச் செயலாளர் போர்வையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். இரு தரப்பும் சேர்ந்து சொல்லிவிட்டது. மூன்று வருடத்தில், தகராறு தீர்ந்து வந்த முதல் கூட்டு எண். அவருக்கு வேறு வழியில்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்தவர் ஒரு கிழவர். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

“முப்பத்தொன்பது,” என்றார்கள்.